தோர்தோன் ஆற்றங்கரையில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகள்

தென்மேற்கு பிரான்ஸில் தோர்தோன் ஆற்றை ஒட்டிய பழைய ஊர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஜூன் மாதம் நான்கு பேர் போகிறோம். ஓட்டல் நல்லதா, கிராமத்தில் வாடகை வீடா? எந்தப் பக்கம் எடுப்பது? (மதுரை)

வீடுதான். அங்கே அதை 'ஜீத்' என்பார்கள். பழைய பண்ணைவீட்டையோ தானியக் கொட்டகையையோ புதுப்பித்து, சமையலறையோடு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். சர்லா நகருக்கும் ஆற்றுக்கும் நடுவே, வித்ராக் அல்லது வெஸாக் பக்கம் தேடுங்கள். தொம், பேனாக், லா ரோக் கஜாக் என்ற பழைய ஊர்கள் மூன்றும் காரில் பக்கத்திலேயே இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் தருவார்கள். ஜூனில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா, கிளம்பும்போது வீட்டைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு, இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சாவி சாயங்காலம்தான் கைக்கு வரும். மறுநாள் ஞாயிறு, மதியத்துக்கு மேல் கிராமக் கடைகள் திறந்திருக்காது. வழியிலேயே பாலும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் ஞாயிறு காலை சேன்-சிப்ரியேன் ஊரில் சந்தை உண்டு.

கார் ஓட்டத் தெரியாது. பஸ், ரயிலில் சமாளிக்க முடியுமா? (பாரிஸ், லா ஷப்பல்)

கிராமத்து வீட்டில் தங்கினால் முடியாது. காலையில் ரொட்டி வாங்கவே கார் வேண்டியிருக்கும். நீங்கள் சர்லா நகருக்குள்ளேயே அறை எடுங்கள். போர்தோ நகரிலிருந்து சர்லாவுக்கு ரயில் உண்டு. ஒரு நாள் டாக்ஸி பேசிக்கொண்டு ஆற்றோரக் கோட்டைகளைப் பார்க்கலாம். கோடையில் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்தால், ஆற்றிலிருந்தே லா ரோக் கஜாக்கும் பேனாக்கும் தெரியும். சொல்லப்போனால் அந்த இரண்டு ஊரும் ஆற்றிலிருந்து பார்க்கத்தான் அழகு.

இந்தியாவிலிருந்து வந்து கார் ஓட்ட நினைப்பவர்கள் நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வாருங்கள். ஊருக்குள் எந்தப் பலகையும் சிக்னலும் இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி.

மூன்று கிராமம் பார்த்தோம். எல்லாமே மஞ்சள் கல், சந்து, தேவாலயம். வித்தியாசமே தெரியவில்லை. என்னதான் பார்ப்பது? (கோயம்புத்தூர்)

ஒரே நாளில் மூன்றைப் பார்த்திருப்பீர்கள். அரை நாளுக்கு ஓர் ஊர் போதும். ஊருக்குள் நுழைந்ததும் தெருக்களைக் கவனியுங்கள். அவை வளைந்து வளைந்து மேட்டில் இருக்கும் கோட்டைக்கு ஏறினால், கோட்டையின் நிழலில் தானாக வளர்ந்த ஊர். பேனாக் அப்படித்தான். தெருக்கள் கட்டம் போட்டது போல் நேராக வெட்டிக்கொண்டால், யாரோ ஓர் அரசன் நூல்பிடித்து வகுத்த ஊர். அதற்கு அங்கே 'பாஸ்தீத்' என்று பெயர்.

பதிமூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னரும், தென்மேற்கு பிரான்ஸின் அக்கித்தேன் பகுதிக்குச் சிற்றரசராகவும் இருந்த இங்கிலாந்து மன்னரும் இந்தப் பகுதியில் போட்டி போட்டுக்கொண்டு புது ஊர்களை உண்டாக்கினார்கள். குடிவருபவர்களுக்கு மனை, வரிச்சலுகை, சந்தை நடத்தும் உரிமை என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேர்ந்தால் வரி வரும், எல்லையும் உறுதிப்படும் என்பது கணக்கு. 1281இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் தொம்மை நிறுவினார். 1284இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு மோன்பாசியேவை நிறுவினார். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். தொம் செங்குத்துப் பாறை உச்சியில் இருப்பதால் கட்டங்கள் கோணலாகிவிட்டன. மோன்பாசியேவில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கின்றன. நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவுகளோடு தாழ்வாரம், ஒரு பக்கம் மரத்தூண் சந்தைக் கூடம். அந்தக் கூடத்தில் பழைய தானிய அளவைகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய முடியாத இடுக்கு விட்டிருப்பார்கள். தீ பரவாமலும் தண்ணீர் வடியவும்.

அடுத்து, பேனாக்கையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காஸ்தெல்நோவையும் சேர்த்துப் பாருங்கள். நூறாண்டுப் போரில் (1337-1453) பேனாக் பிரெஞ்சு மன்னர் பக்கம், காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒரு கோட்டை மதிலில் நின்றால் எதிரியின் கோட்டை கண்ணுக்கு நேரே. காஸ்தெல்நோவில் இப்போது இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம். கல்லெறியும் பெரிய பொறிகளை உருவாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

சர்லாவில் தலையைத் தூக்கிக் கூரைகளைப் பாருங்கள். பல வீடுகளில் ஓட்டுக்குப் பதில் தட்டைக் கற்பலகைகளை அடுக்கியிருப்பார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் உத்தரங்களும் அவ்வளவு பருமன், கூரையும் அவ்வளவு செங்குத்து. பழைய நகரங்களை இடிக்காமல் மொத்தமாகக் காப்பாற்ற 1962இல் வந்த மால்ரோ சட்டத்தால் முதலில் சீரமைக்கப்பட்ட நகரங்களில் சர்லாவும் ஒன்று. புதன் காலையும் சனிக்கிழமையும் சந்தை. கூட்டம் பிடிக்காதவர்கள் அன்று மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள்.

'பிரான்ஸின் மிக அழகான கிராமம்' என்று பலகை வைத்திருக்கிறார்களே, நம்பலாமா? (யாழ்ப்பாணம்)

நம்பலாம். 1982இல் கொலோஞ்-லா-ரூஜ் ஊரில் தொடங்கிய சங்கம் அது. மக்கள்தொகை 2,000க்குள் இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சர்லா பெரிய ஊர் என்பதால் பட்டியலில் இல்லை. பலகை இல்லாததை வைத்து எந்த ஊரையும் ஒதுக்காதீர்கள்.

லாஸ்கோ குகையில் இப்போது காட்டுவது நகல்தானாமே? அதற்காகப் போக வேண்டுமா? (சென்னை)

நகல்தான். 1940 செப்டம்பரில் கண்டுபிடித்த அசல் குகைக்குள் ஆட்கள் மூச்சுவிட்டே, ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள். மோந்தின்யாக் ஊரில் 2016 டிசம்பரில் திறந்த நகல் மிக நுட்பமானது. பிள்ளைகளோடு வருபவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் என்றால் நான் லே-ஸெய்ஸி ஊரின் ஃபோன்-த-கோம் குகையைத்தான் சொல்வேன். வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகள், அசல். சிறு சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள் என்பதால், வீட்டுக்கு முன்பணம் கட்டும் அன்றே இந்தச் சீட்டையும் பதிவு செய்யப் பாருங்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? (தஞ்சாவூர்)

வாத்தும் கூஸும் ஆளும் பகுதி இது. அப்பாவியாகத் தெரியும் சர்லா உருளைக்கிழங்கு வறுவலே வாத்துக் கொழுப்பில்தான் வதங்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆட்டுப்பாலில் செய்யும் கபேக்கு சீஸ், வால்நட், ஸ்ட்ராபெரி எல்லாம் சந்தையில் அருமையாகக் கிடைக்கும். பாரிஸ் வழியாக வருபவர்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் வாங்கிவிடுங்கள். சமையலறை உள்ள வீடு எடுக்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், முழங்கால் வலி. எங்கே கூட்டிப்போகலாம்? (திருச்சி)

மோன்பாசியே சமதளம். சதுக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். தொம்முக்கு உச்சிவரை காரில் போய்விடலாம். அங்கிருந்து பள்ளத்தாக்கே தெரியும். பேனாக் வேண்டாம், சந்தெல்லாம் கல் பாவிய செங்குத்து ஏற்றம். பாறைச் சரிவில் இருக்கும் யாத்திரை ஊரான ரோகமதூரில் கோயில்களுக்கு 216 படி. ஆனால் கட்டணம் கட்டினால் லிஃப்ட் உண்டு. குகை பார்க்க ஆசைப்பட்டால் ரூஃபின்யாக் போங்கள். அங்கே மின்ரயிலில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் மாமூத் (பழங்கால ரோம யானை) ஓவியங்களைப் பார்க்கலாம். உள்ளே குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.