பழைய ஆக்சிஜன் மெஷினை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

இரண்டு வருடமாக மூலையில் கிடக்கும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரை (காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து, நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை ஆக்சிஜன் தரும் மெஷின்) அப்படியே கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார், முதலில் சோதியுங்கள். உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் சியோலைட் என்ற குருணை சும்மா கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அப்புறம் நைட்ரஜனைப் பிடிக்காது. மெஷின் ஓடும், பாட்டிலில் குமிழியும் வரும், ஆக்சிஜன் மட்டும் போதாது. பல மாடல்களில் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அலாரம். சிலதில் சென்சாரே கிடையாது.

5 லிட்டரில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, சர்வீஸ் ஆளிடம் ஆக்சிஜன் அனலைசரில் பார்க்கச் சொல்லுங்கள். 90 முதல் 96 சதவீதம் வரை காட்டினால் தாராளமாகக் கொடுக்கலாம். (உங்கள் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை.)

மூக்குக் குழாய், ஈரப்பதப் பாட்டில் இரண்டையும் கொடுக்காதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளட்டும். வெளி ஃபோம் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். மீட்டரில் ஓடிய மணிக்கணக்கை எழுதி ஒட்டுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

90ஐத் தொடவில்லையா? சீவ் பெட் (சியோலைட் குருணை நிரப்பிய குடுவை) மாற்ற என்ன செலவாகும் என்று விசாரியுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போடுங்கள். காயலான் கடை வேண்டாம், அங்கிருந்து துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்துவிடும்.