காற்றில் சுட்ட டைட்டனேட் ஏன் கடத்துவதில்லை?

வணக்கம் சார்,

திட ஆக்சைடு எரிபொருள் கலத்தின் (எரிவாயுவிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் பீங்கான் சாதனம்) ஆனோடில், அதாவது எரிபொருள் படும் மின்முனையில், நிக்கலுக்குப் பதிலாக லாந்தனம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் போடலாம் என்று படித்து, கல்லூரி உலையில் 1400 டிகிரியில் வில்லை சுட்டேன். வெளிறிப்போய் இருக்கிறது, மல்டிமீட்டர் மெகாஓம் காட்டுகிறது. எங்கே பிசகு? பக்கத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே மோனசைட் இருக்கிறதே, லாந்தனத்தை அதிலிருந்து எடுக்க முடியாதா?

ஷாஜின், களியக்காவிளை

அன்புள்ள ஷாஜின்,

வில்லையின் நிறமே பதில் சொல்லிவிட்டது. காற்றில் சுட்டால் டைட்டானியம் முழுவதும் நான்கு நேர்மின்சுமையோடு நின்றுவிடும். ஓடுவதற்கு எலக்ட்ரான் கிடையாது. 5% ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் 1050 டிகிரிக்குக் குறையாமல் பல மணி நேரம் வையுங்கள். ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேறி, டைட்டானியத்தில் ஒரு பங்கு மூன்று சுமைக்கு இறங்கும், வில்லை கறுக்கும். அதே வாயுவிலேயே ஆறவிடுங்கள்; சூட்டோடு காற்றுக்குத் திறந்தால் மேற்பரப்பு மறுபடி கெட்டுவிடும். கலம் 800 டிகிரியில் ஓடும்போது தானாக ஆக்சிஜனை இழந்து ஒடுக்கமாகிக்கொள்ளும் என்று விடவேண்டாம், கெட்டியான வில்லையில் அது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

'கடத்தும் ஆக்சைடு' என்று மொட்டையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த வாயுவில், எத்தனை டிகிரியில்? தாவ், இர்வின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் வெளியிட்ட இன்னொரு ஆனோடுப் பொருளான லாந்தனம்-ஸ்ட்ரான்சியம் குரோமைட்-மாங்கனைட் 900 டிகிரியில் காற்றில் சுமார் 38 சீமென்ஸ்/செ.மீ. கடத்தும், 5% ஹைட்ரஜனில் 1.5தான். உங்களுடையது நேர் எதிர்.

அடுத்து எடை. லாந்தனம் 0.2, ஸ்ட்ரான்சியம் 0.7, டைட்டானியம் 1 என்ற விகிதத்தில் 20 கிராம் வேண்டுமானால் லாந்தனம் ஆக்சைடு 3.523, ஸ்ட்ரான்சியம் கார்பனேட் 11.173, டைட்டானியம் டையாக்சைடு 8.635 கிராம். லாந்தனம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாகும். முழுக்க மாறிவிட்டால் நீங்கள் நிறுக்கும் லாந்தனத்தில் 14% குறையும். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் உங்கள் பக்கம் மூடிய டப்பாவையும் நம்ப முடியாது. நிறுக்கும் அன்றே 1000 டிகிரியில் சுட்டு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் டெசிக்கேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சி வைத்த மூடிய ஜாடி) வைத்து, எடுத்தவுடன் நிறுங்கள். பெயின்டுக்கான டைட்டானியம் டையாக்சைடு வேண்டாம்; பலவற்றில் சிலிக்கா, அலுமினா பூச்சு இருக்கும், சிலிக்கா மணி எல்லைகளில் (வில்லையின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில்) சேர்ந்து தடையைக் கூட்டும்.

மணல் விஷயம்: மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் கனிமம், தனியாள் எடுக்க முடியாது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். மணலைப் பிரிக்கிறது, லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களைச் சுத்திகரிக்கும் வேலை கேரளத்தின் ஆலுவாவில். ஆக்சைடாகவே விலைக்கு வாங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், நிக்கல் காற்றுப் பட்டு ஆக்சைடாகும்போது கன அளவு 70% வரை பெருத்து, மேலே ஒட்டியிருக்கும் சிர்கோனியா மின்பகுபொருளை விரிசல் விட வைக்கிறது. டைட்டனேட்டில் அந்த அளவு இல்லை; அதன் வெப்ப விரிவும் சிர்கோனியாவுக்கு அருகில்தான். ஆனால் ஹைட்ரஜனை உடைக்கும் திறமை அதற்குக் குறைவு. அதனால் நுண்துளையுள்ள டைட்டனேட் அடுக்கைச் சுட்டபிறகு சீரியம் நைட்ரேட், கொஞ்சம் நிக்கல் நைட்ரேட் கரைசலை ஊறவிட்டு, காயவைத்து, 500 டிகிரியில் சிதைக்கிறார்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் துளை அடைத்துக்கொள்ளும். பல சுற்றாகச் செய்யுங்கள். சமையல் காஸில் ஓட்டிப் பார்க்க நினைத்தால், வாசனைக்குச் சேர்க்கும் மெர்காப்டனில் கந்தகம் உண்டு, முதலில் அதை நீக்கவேண்டும்.

கறுத்த வில்லையை மல்டிமீட்டரின் இரண்டு முள்ளால் அளக்காதீர்கள். தொடுமுனைத் தடையும் சேர்ந்து வரும். வெள்ளிப் பசையால் நான்கு கம்பி ஒட்டி, வெளிக் கம்பிகளில் மின்னோட்டம் செலுத்தி, உள் கம்பிகளில் மின்னழுத்தம் பாருங்கள். 800 டிகிரிக்கு மேல் அளப்பதென்றால் வெள்ளி போதாது, பிளாட்டினம் வேண்டும்.