பென்டிரைவை அப்படியே உருவலாமா? சில கேள்விகள், சில பதில்கள்

கே: பல வருடமாக எஜெக்ட் (டிரைவைப் பாதுகாப்பாக விடுவிக்கும் கட்டளை) கொடுக்காமல்தான் பென்டிரைவை எடுக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து, அதாவது 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிரைவுகளுக்கு 'குயிக் ரிமூவல்' தான் டீஃபால்ட். எழுத வேண்டியதைக் கேஷில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், சேர்த்து வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பிவிடும், அதனால்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் உருவினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, பேக்கப் மென்பொருள் மாதிரி ஏதாவது பின்னணியில் எழுதிக்கொண்டிருந்தால் அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. வேகத்துக்காக யாராவது 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி வைத்திருந்தால் எஜெக்ட் கட்டாயம். டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாலிசீஸ் டேபில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், எது இருந்தாலும் எஜெக்ட் கொடுத்துவிட்டே எடுங்கள், ஒரு கிளிக்தானே.

கே: எல்லாவற்றையும் மூடிவிட்டேன், ஆனாலும் டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது என்று அடம்பிடிக்கிறது.

நீங்கள் மூடிவிட்டீர்கள், வேறு ஏதோ ஒன்று மூடவில்லை. யார் அது என்று ஊகிக்க வேண்டாம், விண்டோஸே எழுதி வைக்கிறது: ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம், அங்கே 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள், எஜெக்டைத் தடுத்த புரோகிராமின் பெயர் அதிலேயே இருக்கும். அது ஆன்டிவைரஸ் ஸ்கேனாக இருந்தால் முடியும்வரை பொறுங்கள். எக்ஸ்புளோரரில் அந்த டிரைவின் ஃபோல்டர் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். எதுவுமே பிடிபடவில்லை என்றால் கணினியை ஷட்டவுன் செய்து, விளக்கெல்லாம் அணைந்த பிறகு எடுங்கள். ஸ்லீப்பில் போட்டு எடுப்பது ஷட்டவுன் ஆகாது, அதைச் செய்யாதீர்கள்.

கே: லினக்ஸில் காப்பி முடிந்தது என்று காட்டியதும் எடுத்தேன். வேறு கணினியில் வீடியோ பாதியில் நிற்கிறது.

அந்த புரோகிரஸ் பார் உங்களை ஏமாற்றிவிட்டது. லினக்ஸ் முதலில் தரவை ராமில் வாங்கிக்கொண்டு, அப்புறம் நிதானமாக டிரைவில் எழுதும். பெரிய ஃபைல், மெதுவான பென்டிரைவ் என்றால் 'முடிந்தது' என்று சொன்ன பிறகும் நிமிடக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். அன்மவுன்ட், அதாவது லினக்ஸில் டிரைவை விடுவிக்கும் கட்டளை, கொடுத்தால் மிச்சத்தை எழுதி முடித்த பிறகுதான் விடும், அது தாமதிப்பதைப் பார்த்து ஹேங் ஆகிவிட்டது என்று உருவிவிடாதீர்கள். டெர்மினலில் சிங்க் கட்டளை கொடுத்தாலும் எழுதி முடியும்வரை காத்திருக்கும், ஆனால் அதற்குப் பிறகும் அன்மவுன்ட் செய்துவிட்டு எடுப்பதுதான் முறை.

கே: அவசரத்தில் உருவிவிட்டேன். இப்போது செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.

வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஃபைல்கள் உள்ளேயே இருக்கும், எது எங்கே இருக்கிறது என்ற கணக்குதான் குழம்பியிருக்கும். டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல் கிடையாது, அதாவது பாதியில் நின்ற மாற்றத்தைச் சரிசெய்ய ஒரு குறிப்பேடு இல்லை. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையில் அது உண்டு, ஆனால் அது காப்பது அந்தக் கணக்கைத்தான், பாதி எழுதிய உங்கள் ஃபைலை அல்ல.

முதலில் அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். முக்கியமான தரவு என்றால் ஒரு ரெக்கவரி மென்பொருளால் படித்து, எடுத்ததை வேறு டிரைவில் சேமியுங்கள், அதே டிரைவில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடுவீர்கள். அதன்பிறகுதான் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், செக்டிஸ்க்கின் வேலை கணக்கை நேராக்குவது, அதற்காக உங்கள் ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடவும் செய்யும். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுங்கள்.

கே: எஜெக்ட் கொடுத்த உடனே ஹார்டு டிஸ்க்கைத் தூக்கலாமா?

சில விநாடி பொறுங்கள். உள்ளே தட்டுகள் சுழன்று நிற்க வேண்டும், சுழலும்போது ஆட்டக் கூடாது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, அதற்கு இந்தக் கவலை கிடையாது.

கே: கேபிளில் இணைத்த ஆண்ட்ராய்டு போனுக்கு எஜெக்ட் காட்டவில்லையே?

தேவையில்லை. போன் கணினியோடு ஃபைல் பரிமாறும் எம்டிபி முறையில் போனின் சேமிப்பகத்தை போனேதான் கையாள்கிறது, கணினி ஃபைலைக் கேட்டு வாங்குவதோடு சரி. காப்பி எதுவும் ஓடவில்லை என்றால் தாராளமாக உருவுங்கள்.