ஸ்பானிஷ் பேசுபவர்களை அதிகம் ஏமாற்றும் ஆங்கிலச் சொல் எது?

பலரும் 'எம்பரஸ்ட்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று பொருள்; ஸ்பானிஷில் அதைப்போலவே ஒலிக்கும் 'எம்பாரஸாதா' என்றால், கர்ப்பமாக இருக்கிறேன் என்றாகிவிடும். ஆனால் இதை ஆரம்ப வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என் ஓட்டு 'இக்ரீஜஸ்' என்ற சொல்லுக்கு.

மாட்ரிட்டில் என்னோடு வேலை பார்த்த தோழி ஆங்கிலம் நன்றாகவே எழுதுவாள். ஓய்வு பெறும் மேலாளருக்கான வாழ்த்து அட்டையில், அவருடைய 'இக்ரீஜஸ்' சேவைக்கு நன்றி என்று எழுதிவிட்டாள். ஸ்பானிஷில் 'எக்ரேஹியோ' என்றால் சிறப்புமிக்க, மேன்மை தங்கிய. ஆங்கிலத்திலோ, பார்ப்பவர் முகம் சுளிக்கும் அளவுக்கு மோசமான! நல்லவேளை, அட்டை அடுத்து என்னிடம்தான் கையெழுத்துக்கு வந்தது. ஓடிப்போய் வேறு அட்டை வாங்கினோம்.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். லத்தீனில் 'க்ரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது 'எக்ரேகியுஸ்'. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதற்கு நல்ல பொருளும் இருந்தது. கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே கெட்டுப்போயிருக்க வேண்டும். நாம் ஒருவனை 'பெரிய மேதாவி' என்கிறோமே, அந்த மாதிரி. என்ன, நம் மேதாவிக்கு நல்ல பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது செத்துவிட்டது.

இந்தக் கதையை அவளிடம் சொன்னது என் தப்பு. மந்தை, தனித்துவம் என்றெல்லாம் கேட்டதும் பழைய பொருள்தான் அவள் மனதில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது.

கடைசியில் கைகொடுத்தது 'கர்ராஃபால்'. சாதாரண வகையைவிடப் பெரிதாக இருக்கும் ஒருவகைப் புளிப்புச் செர்ரிக்கு ஸ்பானிஷில் அந்தப் பெயர் உண்டு. ஆனால் பேச்சில் அது பெரும்பாலும் 'எர்ரோர்' என்ற சொல்லோடுதான் வரும்: 'எர்ரோர் கர்ராஃபால்', அதாவது படுமோசமான பிழை. 'இக்ரீஜஸ் எரர்' என்பதும் கிட்டத்தட்ட அதேதான். உருவத்தில் துளி ஒற்றுமை இல்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே சகவாசம். அதைக் காட்டியதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. விதிமீறல் என்று வந்தால் மட்டும், அப்பட்டமான என்று பொருள்படும் 'ஃப்ளக்ராந்தே' என்ற ஸ்பானிஷ் சொல் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும்.

உச்சரிப்பு? அது வேறு கதை. நடுவில் வரும் 'ஜ' இன்றுவரை அவள் வாயில் 'ஹ'தான்.