வகுப்புக்குப் போகாமல் ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்கிறாள் மகள், விடலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் பி.இ. எலக்ட்ரானிக்ஸ், மூன்றாவது செமஸ்டர். ஜப்பானிய மொழி படிக்கணும் என்கிறாள். ஆனால் கிளாஸ் வேண்டாம், யூடியூபும் ஆப்பும் போதும் என்று பிடிவாதம். பாதியில் விட்டுவிடுவாளோ, காலேஜ் படிப்பும் கெடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படித் தானாகப் படித்தால் வேலைக்கு உதவுமா?

பதில்: அம்மா, தாராளமாக விடலாம். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் ஐந்து படிகள். என்5 அடிப்படி, என்1 உச்சிப்படி. என்4 வரைக்கும் வகுப்பு வாசலை மிதிக்காமலே போய்ச் சேர முடியும். ஆனால் 'யூடியூபும் ஆப்பும் போதும்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆப் சொற்களை ஊட்டும், வாக்கியம் கட்டச் சொல்லித்தராது. யூடியூபில் எதற்குப் பின் எது என்ற வரிசை கிடையாது. தினம் ஒரு புது வாத்தியார், தினம் ஒரு முதல் பாடம். பாடப்புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒன்றே ஒன்று, மூன்று வேண்டாம்.

இங்கே அதிகம் புழங்குவது 'மின்னா நோ நிஹொங்கோ'. தொடக்கநிலை இரண்டு பாகம், மொத்தம் 50 பாடங்கள். முதல் 25 முடித்தால் ஏறக்குறைய என்5, ஐம்பதும் முடித்தால் ஏறக்குறைய என்4. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்திலேயே இருக்கும். சொற்பொருளும் இலக்கண விளக்கமும் தனிப் புத்தகம். வகுப்பில் ஆசிரியர் இருப்பதால் ஒன்றை வைத்தே ஓட்டிவிடலாம். தனியாகப் படிப்பவளுக்கு இரண்டும் வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் ஜோடி பிரிந்த ஒன்று கண்ணில் பட்டால், மலிவு என்று எடுத்துவிட வேண்டாம். காசே செலவழிக்காமல் தொடங்க வேண்டுமென்றால், ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரொதொரி' பாடநூல் ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி எழுத்து. இந்தப் பதிலில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; அது உங்களுக்குப் புரிவதற்காக. உங்கள் மகள் நோட்டில் இப்படி எழுதிப் படிக்கக் கூடாது. 'தைகக்கு' என்று தமிழில் எழுதினால் அது இரண்டு சொல். தைரியத்தில் வரும் தை என்றால் பல்கலைக்கழகம். தை மாதத்தில் வரும் தை என்றால் படிப்பை விட்டு நின்றுவிடுவது! நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் வேறு தொல்லை: நெடில் காணாமல் போகும். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. பெங்களூரில் வளர்ந்த பெண், பள்ளியில் கன்னடம் படித்திருப்பாள். கன்னட எழுத்தில் இந்த ஒலிகளும் தனித்தனி, குறில் நெடிலும் தனித்தனி. முதல் வாரத்துக்கு ஊன்றுகோல் வேண்டுமென்றால் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு அதுவும் வேண்டாம்.

ஜப்பானியத்தில் ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிராகனா 46, கதகனா 46. நாளுக்கு ஐந்தெழுத்து, மறுநாள் பழையதைத் திருப்பி எழுதிவிட்டுப் புதிய ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் கட்டம் போட்ட நோட்டு இதற்கு அருமையாக உதவும்: கட்டத்துக்கு ஓர் எழுத்து. எல்லாரும் ஹிராகனாவை ஒழுங்காக முடித்துவிட்டுக் கதகனாவில்தான் சறுக்குவார்கள். அதில் 'ஷி', 'த்சு' இரண்டும் அச்சில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கையால் எழுதினால்தான் சூட்சுமம் பிடிபடும். 'ஷி'யில் இரண்டு சின்னக் கோடுகளும் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்சு'வில் சின்னக் கோடுகள் உச்சியில் பக்கம் பக்கமாக, நீளக்கோடு மேலிருந்து கீழே இறங்கும். 'ன்', 'சொ' இரண்டுக்கும் இதே கதைதான்.

உச்சரிப்புக்கு நம் வீட்டுச் சொத்து ஒன்று உதவும்: மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஜப்பானியமும் அப்படியே எண்ணும். ஓர் இடத்தில் மட்டும் வேறு. நம் இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. 'நிஹொன்' என்றால் கை மூன்று தட்ட வேண்டும்: நி, ஹொ, ன். 'தோக்கியோ' என்றால் தொ, ஒ, க்யொ, ஒ என்று நான்கு தட்டு. 'கித்தெ' என்ற தபால்தலைக்கும் மூன்று தட்டு, ஒற்றில் ஒரு தட்டு முழுதாக நிற்க வேண்டும். அதை விழுங்கினால் 'வா' என்று கூப்பிடுகிற வேறு சொல் ஆகிவிடும். புதுச்சொல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மனப்பாடம் செய்யட்டும். காது தானே திருந்திவிடும்.

இலக்கணத்தில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிஜமான லாபம். விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் அவர்களும் ஆங்கிலம் வழியாகவே யோசித்து, தலைகீழாக இருக்கிறதே என்று திணறுகிறார்கள். தமிழில் வைத்துப் பார்த்தால் தலைகீழே இல்லை. 'கினோ கத்த ஹொன்': நேத்து வாங்கின புஸ்தகம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. பதினான்காம் பாடத்தில் 'தெ' வடிவம் வரும். பாதிப் பேர் புத்தகத்தை மூடிவைக்கும் இடம் அது. நமக்கு அது வெறும் வினையெச்சம்: போய், வந்து, படிச்சு. 'மிரு' என்றால் பார். 'தபெத்தெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. சாப்பிட்டுட்டேன் என்பதில் வரும் 'விடு'வுக்குக்கூட 'ஷிமவு' என்று ஒரு துணைவினை இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் அரைப் பக்கம் விளக்குவதை, வீட்டில் பேசுகிற தமிழ் ஒரு மூச்சில் சொல்லிவிடும். உங்கள் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராவிட்டாலும் கவலையில்லை, பேச்சுத் தமிழே போதும். ஒவ்வொரு உதாரண வாக்கியத்தையும் வாய்விட்டுத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். (இரண்டும் ஒரே குடும்பம் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதாடினார். மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை. படிப்பவளுக்கு அந்த வழக்கு முக்கியமில்லை.)

இதே தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. நம் 'இல்' அங்கே இரண்டாகப் பிரியும். வீட்டில் இருக்கிறேன் என்றால் 'நி', வீட்டில் சாப்பிடுகிறேன் என்றால் 'டெ'. இருப்புக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று. 'எனக்குப் பிடிக்கும்' என்பதை அப்படியே பெயர்த்து 'எனக்கு'வுக்கு 'நி' போட்டுவிடுவார்கள். அங்கே 'வதாஷி வா' என்றுதான் வரும், பிடித்த பொருளுக்கு 'கா'. இந்த 'வா', 'கா' வேறுபாட்டுக்குத் தமிழில் நேர் சொல் இல்லை. விதி தேடி அலையாமல், வாக்கியங்களாகவே மனதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி. வினையில் ஏன், ஆன், ஆள் விகுதியும் கிடையாது. சாப்பிட்டேன், சாப்பிட்டாள் எல்லாமே 'தபெமஷ்த' ஒன்றுதான். யார் என்பதைப் பேச்சின் போக்கில் பிடிக்க வேண்டும்.

கஞ்சியைக் கண்டு மிரள வேண்டாம். குடிக்கிற கஞ்சி இல்லை, சீன எழுத்து. பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2,136 இருக்கின்றன. என்5-க்குச் சுமார் 100, என்4-க்குச் சுமார் 300 தெரிந்தால் போதும். வாரத்துக்கு ஏழு எழுத்து என்றால் முதல் நூறுக்கு நாலு மாதம் பிடிக்காது. தனி எழுத்தாகப் படிக்காமல் சொல்லோடு படிக்க வேண்டும், ஏனென்றால் ஓர் எழுத்துக்கே பல ஒலிகள். ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி' என்று பெயர். அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே, சூரியனையும் நாளையும் குறிப்பது. முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'! கிழமைப் பெயர்களில் நமக்கு ஒரு சுகம்: ஞாயிறுக்கு அங்கேயும் சூரியன், திங்களுக்கு அங்கேயும் நிலா. நம் வெள்ளி மட்டும் அங்கே போய்த் தங்கமாகிவிடும்.

நேரக் கணக்கு. நாளுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். காலையில் இருபது நிமிடம் சொல் அட்டைகள், இரவில் நாற்பது நிமிடம் புத்தகம். அட்டைக்கு அங்கி என்ற செயலி போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. இதில் கவிழ்வது ஒரே இடத்தில்தான்: முதல் வார உற்சாகத்தில் புது அட்டை முப்பது என்று வைத்துக்கொள்வார்கள். பழைய அட்டைகள் திரும்பத் திரும்ப வருமே, மூன்றே வாரத்தில் தினம் இருநூறுக்கு மேல் குவிந்துவிடும். ஒரு நாள் விட்டால் நானூறு, அப்புறம் செயலியையே திறக்க மாட்டார்கள். பத்துக்கு மேல் போகக் கூடாது. செமஸ்டர் தேர்வு நெருங்கினால் புது அட்டையைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழையதை மட்டும் பார்க்கட்டும், மெட்ரோவில் போகும்போதே முடிந்துவிடும். காலேஜ் படிப்பு கெடுமோ என்ற உங்கள் கவலைக்கு இதுதான் பதில்.

தானாகப் படிப்பவர்களுக்கு நிஜக் குறை வாயில்தான். ஜே.எல்.பி.டி.யில் எழுதவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பது. அதனால் என்4 சான்றிதழை வைத்துக்கொண்டு நேர்முகத்தில் ஊமையாக உட்காருகிறவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்து பாடத்தின் ஒலிப்பதிவில் ஒரு நிமிடத் துண்டை எடுத்து, கூடவே நிழல்போல் பத்து முறை சொல்லி, பத்தாவதை ஃபோனில் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பத்துப் பாடம் தாண்டியதும் மாதம் இரண்டு முறை, அரை மணி நேரம், இணையத்தில் ஒருவரோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். வகுப்புக் கட்டணத்தை மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும். தப்பைத் திருத்த ஆள் இல்லாமல் ஒரு வருடம் ஓடினால் தப்பே பழக்கமாகிவிடும். அனிமே பார்ப்பாளென்றால் காதுக்கு நல்லது, வாய்க்கு ஆபத்து. அந்தப் பேச்சு நண்பர்களுக்குள் பேசுவது. அலுவலகத்தில் அப்படிப் பேசினால் நம் ஊரில் மேனேஜரை 'வாடா' என்ற மாதிரி. முதலில் 'மஸ்' என்று முடியும் மரியாதைப் பேச்சு ஊறட்டும்.

தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமை. எல்லா நகரத்திலும் இரண்டு முறையும் நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். விண்ணப்பம் சில மாதம் முன்பே தொடங்கும், இடங்கள் சட்டென்று நிரம்பும். என்5-க்கு 180-க்கு 80 தேர்ச்சி, என்4-க்கு 90. இதை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். கேட்டல் பகுதியில் தனியாக 60-க்கு 19 எடுத்தாக வேண்டும், மற்ற பகுதியில் 120-க்கு 38. மொத்தம் 110 வாங்கியும் கேட்டலில் 17 என்றால் தோல்வி. புத்தகப்புழுக்கள் விழுவது இங்கேதான், ஏனென்றால் ஒலிப்பதிவு ஒரு முறைதான் ஓடும். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது. என்5-ஐத் தாண்டி நேராக என்4 எழுதுகிறேன் என்பாள். வேண்டாம். வகுப்புச் சான்றிதழ் இல்லாதவளுக்குத் தேர்வுச் சான்றிதழ் ஒன்றுதான் அத்தாட்சி, இரண்டையும் எழுதட்டும். இப்போது தொடங்கினால் என்5-க்கு ஆறேழு மாதம், அதன்பின் என்4-க்கு இன்னொரு வருடம் என்று வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் கதகனா தடுமாறினால் மட்டும் வகுப்பைப் பற்றி யோசியுங்கள்.

வேலை விஷயம் ஒளிக்காமல் சொல்கிறேன். என்5 வேலை தராது. என்4 விண்ணப்பத்தில் ஒரு வரி. என்3 இருந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் இங்குள்ள குழுவுக்கும் நடுவில் நிற்கும் பிரிட்ஜ் இன்ஜினீயர் வேலைக்கு என்2 கேட்பார்கள், அந்தப் படிக்கு ஆசிரியர் துணை வேண்டும். பிடதியில் டொயோட்டா, நரசாபுராவில் ஹோண்டா, நகருக்குள் ரகுடென், ஃபானுக் என்று நம் பக்கமே ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால் மொழிக்கு மதிப்பு உண்டு. ஆனால் முதலில் பார்ப்பது எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு தெரியும் என்பதைத்தான். 'என்4 போதும், ஜப்பான் அனுப்புகிறோம், மூன்று லட்சம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் எந்த விசா என்று கேளுங்கள். 2019 ஏப்ரலில் வந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்குத்தான் என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற இன்னொரு மொழித்தேர்வைக் கேட்பார்கள், கூடவே தொழில் திறன் தேர்வும் உண்டு. முதியோர் பராமரிப்பு, விவசாயம், ஹோட்டல் போன்ற வேலைகளுக்கானது அது. பட்டம் முடித்த இன்ஜினீயருக்கு வேறு விசா, அதற்குப் படிப்புதான் அடிப்படை.

கடைசியாக, விண்ணப்பம் நிரப்பும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடச் சொல்லுங்கள். நம் வீடுகளில் மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இரண்டு விதமாக இருக்கும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், என்5 விண்ணப்பத்துக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.