பால்வாடிப் பிள்ளைக்குப் பாதுகாப்புப் பாடம்: வாசகர் கேள்விகள்

எங்கள் அங்கன்வாடியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 18 பேர். பக்கத்திலேயே குளம். ‘தண்ணி கிட்டப் போகக்கூடாது’ என்று தினமும் பாட்டாகச் சொல்லித் தருகிறோம். போதுமா?

போதாது. பாட்டை நிறுத்த வேண்டாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஒரு ஊரில் இதே பாடத்தை எடுத்து முடித்தேன். பிள்ளைகள் ஒரே குரலில் ‘போகக்கூடாது’ என்று கத்தினார்கள். பத்து நிமிஷத்தில் பந்து ஒன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உருண்டது. முதலில் ஓடியவன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்திய பையன்தான். இந்த வயதில் வாய்க்குத் தெரிவது காலுக்குத் தெரியாது.

வங்கதேசக் கிராமங்களில் வீட்டு வாசலிலேயே குளம் இருக்கும். அங்கே ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் ஊர்ப் பெண்களை வைத்தே பகல் காப்பகங்கள் நடத்தினார்கள். நேரம் காலை 9 முதல் மதியம் 1 வரை. அம்மாக்கள் அடுப்படியில் கை ஓயாமல் இருக்கிற அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மூழ்கினார்கள். காப்பகத்துக்கு வந்த பிள்ளைகளிடையே அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் சிறு பிள்ளைக்குக் கண்காணிப்பு, 6 வயதுக்கு மேல் நீச்சல் என்றுதான் சொல்கிறது.

ஆக, உங்கள் மையம் திறந்திருப்பதே பாட்டைவிடப் பெரிய காவல். லீவு நாளில் யார் பார்த்துக்கொள்வது என்று பெற்றோர் கூட்டத்தில் பேர் போட்டே முடிவு செய்யுங்கள். அப்புறம், குளத்தை மட்டும் பார்க்காதீர்கள். தவழும் குழந்தைக்குப் பாதி நிறைந்த வாளியே ஆபத்துதான். குளிப்பாட்டியதும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும்.

‘நில், படு, உருள்’ பயிற்சி கொடுத்தோம். இப்போது எதற்கெடுத்தாலும் தரையில் உருள்கிறார்கள்!

உருளட்டும், விளையாட்டாகத்தான் பதியும். ஆனால் அது உடுப்பில் தீப்பிடித்தால் மட்டும்தான் என்பது சின்னப் பிள்ளைக்குப் புரியாது. கை சுட்டாலும் ஒருத்தி உருளுவாள். உண்மையில் இந்த வயதுப் பிள்ளைகள் தீயைவிடக் குழம்பு, கஞ்சி, சுடுதண்ணீர் கொட்டித்தான் அதிகம் வெந்துபோகிறார்கள். அதனால் பாத்திரத்தைத் தரையில் வைத்து வடிப்பவர்களிடம் பேசுங்கள். கொட்டிவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

தெரு நாய் வந்தால் என்ன செய்யச் சொல்லலாம்?

‘மரம்’ விளையாட்டு. நாய் என்று சொன்னதும் கையை உடம்போடு ஒட்டி, வாயை மூடி, மரமாக நிற்க வேண்டும். யாராவது ஒருவர் நாயாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்க வேண்டும். ஆயாவைப் பிடித்துப் போட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஓடாமல் நிற்பதை உடம்பே பழகிக்கொள்ளும். இன்னொன்று: கீறினாலும் மறைக்காமல் வீட்டில் சொல்ல வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைகள் நிறைய. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசி.

பைக்கில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து வரும் அப்பாக்களுக்கு எப்படிச் சொல்வது?

சட்டத்தையே சொல்லுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து, 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 9 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம். 4 தாண்டினால் எல்லோருக்கும் ஹெல்மெட்.

செலவில்லாமல் பெற்றோர் கூட்டத்தில் என்ன செய்து காட்டலாம்?

ஒரே மாதிரி இரண்டு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் பெயிண்ட் தின்னர். மூடியை இறுக்கி மேஜையில் வையுங்கள். ‘எது தண்ணீர்? திறக்காமல், மோந்து பார்க்காமல் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் முழிப்பார்கள். பிறகு கேளுங்கள்: உங்கள் வீட்டில் தின்னர், ஆசிட், மண்ணெண்ணெய் எந்தப் பாட்டிலில் இருக்கிறது? பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்; 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நான் செய்த ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி பேச்சு முடியும் முன்பே எழுந்து போனார். கோபமோ என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் வீட்டிலிருந்து மூன்று பாட்டில்களோடு திரும்பி வந்தார்.