அரசுக் கல்லூரியில் டிரிபிள்இ-யா, வீட்டுப் பக்கத்தில் ஏஐ-யா?

வணக்கம் அம்மா. மகளின் மதிப்பெண்ணைப் பார்த்தேன். கணிதம் 92, இயற்பியல் 78, வேதியியல் 81. கணிதம் முழுசாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்து, பொறியியல் கவுன்சிலிங்குக்கான கட்-ஆஃப் 200-க்கு 171.5 வருகிறது. அரசுப் பொறியியல் கல்லூரியில் டிரிபிள்இ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் கிடைக்கும்போல் இருக்கிறது, ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) அண்ட் டேட்டா சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மகளுக்கு மின்சாரப் பாடம் பிடிக்காமல் இல்லை என்றால், அரசுக் கல்லூரி டிரிபிள்இ-யைத்தான் கவுன்சிலிங் விருப்பப் பட்டியலில் மேலே வைப்பேன்.

ஏஐ நல்ல படிப்புதான், சந்தேகமே இல்லை. அதை யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் என் கவலை. 2024-25 கல்வியாண்டு முதல் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கேட்பு அதிகமுள்ள கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்ட அது வழிவிட்டது. இடத்தைச் சீக்கிரம் கூட்டிவிடலாம். ஏஐ-க்கு அடிப்படையான மெஷின் லேர்னிங்கை ஆழமாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களை அதே வேகத்தில் சேர்க்க முடியாது. அந்தக் கல்லூரிக்கு நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பிரிவில் படிப்பை முடித்து ஒரு பேட்ச்சாவது வெளியே போயிருக்கிறதா? இதற்கென்று தனி ஆசிரியர்கள் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்?

டிரிபிள்இ எடுத்தால் ஐ.டி. வேலைக்குப் போக முடியாது என்ற பயம் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவினருக்கும் பைத்தான் என்ற கோடிங் மொழி இருந்தது. டிரிபிள்இ மாணவர்களுக்குப் பிறகு சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் வந்தன. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸுக்கு வந்தால் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. மின்வாரிய உதவிப் பொறியாளர் பணியையும் யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்வையும் எடுத்துக்கொண்டால் கதை வேறு, அங்கே டிரிபிள்இ-க்குத்தான் சாதகம். அந்த யுபிஎஸ்சி தேர்வில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்று நான்கே பாடப்பிரிவுகள். கம்ப்யூட்டர் சயன்ஸ் அதில் இல்லை. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுக்கும் என்டிபிசி, பவர் கிரிட் போன்ற மத்திய அரசு மின் நிறுவனங்களிலும் எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு இடம் உண்டு. நம் மாநிலத்தில் காற்றாலை, சோலார், ஓசூர்-கிருஷ்ணகிரி பக்கம் மின்வாகனத் தொழிற்சாலைகள் எல்லாம் இந்தப் படிப்பைச் சார்ந்தவை. பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். மின்வாரியத்திலேயே எத்தனையோ பெண் பொறியாளர்கள் வேலை பார்க்கிறார்கள். தாராளமாகச் சரிவரும்.

ஒன்றை மட்டும் மகளிடமே கேளுங்கள். பிளஸ் டூ இயற்பியலில் மின்னோட்டவியல், மின்காந்தத் தூண்டல் பாடங்களைப் புரிந்து படித்தாளா, மனப்பாடம் செய்து ஒப்பேற்றினாளா? டிரிபிள்இ-யின் நான்கு வருஷமும் அந்தப் பாடங்களின் மேல்தான் நிற்கிறது, கணிதமும் கூடவே வரும். அவள் முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள். கோடிங்தான் பிடிக்கும் என்றால், நல்ல கல்லூரியாகப் பார்த்து சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயன்ஸ்), ஐ.டி., ஏஐ மூன்றையும் பட்டியலில் கலந்து போடலாம். முதல் இரண்டு வருஷப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பெயரில் இருக்கும் வித்தியாசத்துக்காக நல்ல கல்லூரியை விட்டுவிட வேண்டாம்.

பிளேஸ்மென்ட் போஸ்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை மூன்றாக எண்ணும் இடங்கள் உண்டு. அதிகபட்சச் சம்பளத்தை விடுங்கள், நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கடைசி வருஷ மாணவர்களிடம் கேளுங்கள். கேன்டீன் பக்கம் நின்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள். கல்லூரி வாரியான தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். படிப்பின் தரத்தைப் பார்த்துத் தரும் என்பிஏ அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் தருவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. நீங்கள் எடுக்கப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், கவுன்சிலிங் முடிவதற்குள் பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிடாதீர்கள். நகையை அடகு வைக்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

விருப்பப் பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம், வரிசைதான் முக்கியம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று பார்க்காமல், உண்மையில் பிடித்ததை மேலே வையுங்கள். கிடைக்காவிட்டால் தானாக அடுத்ததற்குப் போகும், நஷ்டம் இல்லை. பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே உதவி செய்வார்கள். முதலில் மகள் தன் கையாலேயே ஒரு தாளில் வரிசையை எழுதட்டும். ஆன்லைனில் பட்டியலை லாக் செய்வதற்கு முன்னால் அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.